ஆறு சில்லுகளும் ஆறு தேசிக்காய்களும்: பலெர்மோவிலிருந்து கத்தானியாவுக்கு

ஒரு ரயர் எப்போது பழசாகிறது? ஓடித் தேய்ந்த பிறகா, ஓடாமல் வெயிலில் நின்றபடியேவா? கத்தானியாவுக்குப் போய் வந்து மூன்று கிழமையாகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. தெரியாததால்தான் அந்தப் பயணத்தை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் எங்கள் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். ஏழு இருக்கை கொண்ட பழைய வான். அதன் பின்னால் கொழுவி இழுக்க இரண்டு சில்லுப் பெட்டி ஒன்று உண்டு. இங்கே அதை ரிமோர்க்கியோ என்பார்கள். தமிழ் வீட்டு விசேஷங்களுக்குப் பெரிய சமையல் கிடாரமும் காஸ் அடுப்பும் பிளாஸ்ரிக் கதிரைகளும் தேவைப்பட்டால் என் கணவர் நேசன் அதில் ஏற்றிக்கொண்டு போவார். வருடத்தில் நாலு தடவை நடந்தால் அதிகம். மற்ற நாட்களில் அவர் லிபெர்த்தா பகுதியில் ஒரு முதியவரைப் பராமரிக்கிறார். நான் இரண்டு தெரு தள்ளி, சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்கிறேன். எங்கள் மகள் மீராவுக்கு நாலு வயது.

கத்தானியாவில் நேசனின் அண்ணன் குடும்பம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை அவர்களுடைய மகளுக்குச் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புனித விழா. எண்பது பேருக்குச் சமையல். பாத்திரமும் கதிரையும் எங்கள் பொறுப்பு. தூரம் ஏறக்குறைய 210 கிலோமீற்றர்.

போன வருடம் இதே பெட்டியோடு தெர்மினி இமெரேசேக்கு அருகே ஓர் இறக்கத்தில் வந்தபோது வானின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடியது. மூன்று விநாடி இருக்கும். பின் இருக்கையில் மீரா ஊஞ்சல் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் வயிற்றுக்குள் கிடக்கிறது. அப்போது வானில் இருந்தவை மலைப்பாதைக்காக வாங்கிய குளிர்கால ரயர்கள். வெயிலில் அவை இளகிவிடும், பாரம் இழுக்கும்போது நிலையில்லாமல் நெளியும் என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். இந்த முறையும் அவையே பூட்டியிருந்தன. கோடைகால ரயர் போடாமல் ஏறமாட்டேன் என்று சொல்லியிருந்தேன்.

வியாழன், மாலை ஆறு மணி. பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீட்டு முற்றத்தில் குந்தியிருந்து, ரயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்துகளைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுச் சவிரி அண்ணை சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து நின்றார். மன்னார்க்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலில் திருப்பலிக்கு நிற்பவர்.

"என்ன தங்கச்சி, சாதகம் பாக்கிறியளோ?"

"இல்லை அண்ணை, ரயரிலை இருக்கிற இலக்கம்."

"இலக்கம் வாசிச்சு வான் ஓடுறதை இண்டைக்குத்தான் பாக்கிறன். வட்டமா இருக்கோ எண்டு பாருங்கோ, காணும்."

அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போனார். நான் கொப்பியைப் பார்த்தேன். 205/60 R16. அதன் பின்னால் 96, அதன் பின்னால் H. அந்த 96 எதற்கு என்று அன்று எனக்குத் தெரியாது.

வெள்ளி, பிற்பகல் மூன்றரை மணி. ரயர் கடை எங்கள் வீட்டிலிருந்து அறுநூறு மீற்றர். உரிமையாளரை எல்லோரும் மாஸ்த்ரோ தோத்தோ என்பார்கள். அறுபது வயதிருக்கும். கைகள் முழங்கை வரை கறுப்பு. அவர் பேசிய சிசிலிய இத்தாலிய மொழியை நான் விளங்கிக்கொண்டபடி தமிழில் தருகிறேன்.

நேசன் தொலைபேசியில் ஒரு மலிவான ரயரைக் காட்டினார். ஒன்று 62 யூரோ. அளவு எல்லாம் சரியாக இருந்தது. தோத்தோ திரையைப் பார்க்கவில்லை. வானின் பின்னால் இருந்த கொழுக்கியைப் பார்த்தார்.

"என்ன இழுக்கிறாய்?"

"கதிரை, கிடாரம். ஒரு அறுநூறு கிலோ வரும்" என்றார் நேசன்.

வண்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒரு வரியில் விரலை வைத்தார். "இங்கே 96 என்று இருக்கிறது. நீ காட்டுவது 92. அது 630 கிலோவைத் தாங்கும். 96 என்றால் 710. நாலு சில்லுக்கும் கணக்குப் பார். பெட்டியைக் கொழுவினால் அது பின்சில்லை அழுத்தும். பின்னால் சாமான், பிள்ளை, மாமியார். எல்லாம் அதன் தலையில்தான்."

"மாமியார் யாழ்ப்பாணத்திலை" என்று நேசன் தமிழில் முணுமுணுத்தார்.

நான் கொப்பியைத் திறந்தேன். வருடம் முழுக்கப் போடும் நாலு பருவ ரயர் நல்லதா என்று கேட்டேன். நகரத்துக்குள் பிள்ளையைப் பள்ளியில் விட நல்லது, ஜூனில் மலையேறி இழுக்க நான் என்றால் கோடைகால ரயர்தான் போடுவேன் என்றார். பக்கவாட்டுத் தடிப்பைக் கேட்டேன். இரண்டு ரயர்களை நிறுத்தி என் கட்டைவிரலால் அமுக்கச் சொன்னார். ஒன்று உள்வாங்கியது, மற்றது அசையவில்லை. அசையாதது பாரத்துக்கென்று பலப்படுத்தியது. விலை 84 யூரோ. காற்று எவ்வளவு என்று கேட்டேன். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, நிறைபாரத்துக்கு எழுதியிருக்கும் அளவை அடிக்க வேண்டும் என்றார். ஈரத்தில் எப்படி என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். மழையே இல்லாத மாதத்தில் அதையும் கேட்டதற்கு நேசன் வெளியே போய் நின்றுகொண்டார்.

நாலும் 336 யூரோ. பூட்டிச் சமன்செய்ய இன்னும் 40. போதுமா, இன்னும் விலைகூடியதை எடுத்திருக்க வேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது தோத்தோ கைதுடைத்தபடி கேட்டார்.

"பெட்டியின் ரயர்கள்?"

"புதுசு மாதிரி. தரையில் படும் பூ தேயவே இல்லை" என்றார் நேசன்.

நானும் தலையாட்டினேன். ஓம், நானும்தான். நூறு கேள்வி கேட்டவள் அந்த ஒரு கேள்விக்குத் தலையாட்டினேன்.

அதே நாள், ஆறரை மணி. சிஞ்ஞோரா வீட்டு மாலை வேலையை முடித்துவிட்டு போர்கோ வெக்கியோ சந்தை வழியாக வந்தேன். தெருவோர மரங்களின் ஊதாப் பூக்கள் கார்களின் மேல் விழுந்து கிடந்தன. ஆபிரிக்காவிலிருந்து வரும் சூடான காற்று தொடங்கியிருந்தது. அந்தக் காற்று வீசும் நாட்களில் இந்த நகரம் பாலேடு படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தெரியும். துறைமுகத்துக் கப்பல் தண்ணீரில் நிற்கிறதா, தண்ணீருக்குச் சற்று மேலே நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

புது ரயருக்குத் தேசிக்காய் வைக்காமல் எங்கள் ஆட்கள் நெடும்பயணம் புறப்படமாட்டார்கள். நாலு சில்லுக்கு நாலு. ஆனால் ஒன்று அழுகியிருந்தால்? ஒன்று உருண்டு வாய்க்காலுக்குள் விழுந்தால்? ஆறு வாங்கினேன்.

சனி, காலை ஐந்தே முக்கால். வான் பெட்டியோடு முற்றத்தில் தயாராக நின்றது. வெளிச்சம் இன்னும் நிறம் பிடிக்கவில்லை. மீரா பின் இருக்கையில் பொம்மையைக் கட்டிக்கொண்டு பாதித் தூக்கத்தில் இருந்தாள். சவிரி அண்ணை ஒரு சின்னப் போத்தலோடு வந்தார். பெல்லெக்ரினோ மலைக் குகையில் சாந்தா ரொசாலியாவின் கோயிலில் சொட்டும் தண்ணீர் அது. அங்கே சைவர்களான நாங்களும் போவோம், சவிரி அண்ணை போன்ற கத்தோலிக்கரும் போவார்கள்.

"நான் இதைத் தெளிக்கிறன், நீங்கள் தேசிக்காயை வையுங்கோ. ரெண்டு பகுதியும் பொறுப்பெடுக்கட்டும்" என்றார்.

சிசிலித் தேசிக்காய் ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத பருமன். நேசன் ஒன்றை உருட்டிப் பார்த்தார். "இது தேசிக்காயோ, தோடம்பழமோ? நசியுமோ, வான் ஏறி நிக்குமோ?" நாலு சில்லுக்கும் வைத்தார். பையில் இரண்டு மிஞ்சின.

"மிச்சத்தை ஊறுகாய் போடும்."

"பெட்டிக்கும் வைப்பம்."

"பெட்டிக்கு எஞ்சினே இல்லையப்பா. அதுக்கு ஆர் கண்ணூறு படுத்தப் போயினம்?"

நான் பெட்டியின் இடப்பக்கச் சில்லுக்கு முன்னால் முழந்தாளிட்டேன். தேசிக்காய் சரியாக நிற்கவில்லை. மண் தட்டுவதற்காக ரயரின் கீழ்ப்பக்கத்தைக் கையால் துடைத்தேன். தூசிக்குக் கீழே கோடுகள். பழம்பாண் ரொட்டியின் தோல் போல, சின்னச் சின்னதாக, வட்டம் முழுக்க. ஒரு கோட்டில் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே போனது.

பூ உண்மையிலேயே தேயவில்லை. அதனால்தான் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. செய்த ஆண்டைக் காட்டும் கடைசி இரண்டு இலக்கம் 12. எங்கள் கலியாணமே அதற்குப் பிறகுதான்.

"இஞ்சருங்கோ, இதைப் பாருங்கோ."

நேசன் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "எண்பதுக்கு மேலை போகமாட்டன். மெல்லமாப் போனா ஒண்டும் நடக்காது. பன்னிரண்டுக்குக் கத்தானியாவிலை அண்ணை அடுப்பு மூட்ட வேணும். கிடாரம் எங்களிட்டை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நேசனின் அண்ணன் மனைவி, என் மச்சாள், என்ன சொல்வார் என்பதும் எனக்குத் தெரியும். வழக்கமாக நான் இந்த இடத்தில்தான் சரி என்று சொல்வேன். சொல்லிவிட்டு வழி முழுக்க என்னையே தின்பேன்.

"நான் பிள்ளையை ஏத்தமாட்டன்."

"சரி, நீர் பஸ்ஸிலை வாரும். நான் போறன்."

"ஓம், நான் பஸ்ஸிலை வாறன்" என்றேன். இரண்டு மூச்சு விட்டேன். "இல்லை. நீங்களும் போகக்கூடாது."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சவிரி அண்ணை குனிந்து ரயரைத் தடவினார். எழுந்து போத்தலை மூடினார். "தம்பி, இதுக்கு நான் தண்ணி தெளிக்கேலாது. கடை திறக்குமட்டும் வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

வைத்த தேசிக்காய்களை மறுபடி பையில் எடுத்துக்கொண்டு, வானைப் பெட்டியோடு கடைவரை மெல்ல ஊர்ந்து கொண்டுபோனோம். எட்டு மணிக்குத் தோத்தோ கடை திறந்தார். கழற்றிய ரயரைத் தரையில் போட்டுக் காலால் ஒரு மிதி மிதித்தார். கோடுகள் வாய் போலத் திறந்து மூடின. "நான் கேட்டேனே" என்றார். பெட்டிக்குப் பதின்மூன்று அங்குல ரயர், ஒன்று 46 யூரோ, இரண்டு. கடை வாசலிலேயே ஆறு தேசிக்காயையும் வைத்தோம். வான் ஏறி இறங்கியபோது தெரு முழுக்க வாசம். பக்கத்துக் கடைக்காரர் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

பத்து மணிக்குத்தான் புறப்பட்டோம். பகெரியாவைத் தாண்டும்வரை நேசன் என்னோடு கதைக்கவில்லை. நான் மீராவுக்குப் பக்கத்தில் இருந்தேன். இடப்பக்கம் கடல் வந்து வந்து போனது. காற்றில் கிளம்பிய மண்நிறத்தில் வானமும் தண்ணீரும் ஒரே துணியாகக் கிடந்தன. தெர்மினி இமெரேசே இறக்கம் வந்தபோது மீராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வான் நேராக இறங்கியது. "அம்மா, கையை விடுங்கோ, ஃபா கால்தோ" என்றாள். சூடாக இருக்கிறதாம்.

புவோன்ஃபோர்னெல்லோவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கடலோரம் மெசீனாவுக்கு, உள்ளே திரும்பினால் கத்தானியாவுக்கு. அங்கிருந்து பெருந்தூண்களின் மேல் பாதை ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. அறுத்து முடிந்த கோதுமை வயல்கள் இருபக்கமும் பொன்னாக, ஆளில்லாமல், சத்தமில்லாமல் கிடந்தன. எண்பதில் போகும் வண்டியில் எல்லாம் மெதுவாக வருகிறது: ஒரு மரம், அதன் நிழலில் ஒரு குதிரை, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. லொறிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. புது ரயரின் சத்தம் ஒரு தாலாட்டின் அடிச்சுருதி போலக் கேட்டது. நானும் கண்ணயர்ந்திருக்க வேண்டும். பாரம் இழுக்கும் வண்டியில் நான் தூங்கியது அதுவே முதல் தடவை.

பதினொன்றே முக்காலுக்கு என்னா நகருக்குக் கீழே எரிபொருள் நிலையத்தில் நின்றோம். மேலே மலையுச்சியில் நகரம் மேகம் மாதிரி இருந்தது. நேசன் இறங்கி, வானைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ரயரிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. நாலோடு நிற்கவில்லை. பெட்டிக்கும் போய்க் குனிந்தார். திரும்பி வந்து யன்னலோரம் நின்றார்.

"ஆறும் ஒரே சூடு. பயமில்லை" என்றார். பிறகு, "தண்ணி குடிச்சனீரோ?" என்று கேட்டார்.

கத்தானியாவை நெருங்கும்போது எத்னா மலை புகைமூட்டத்துக்குள் பாதியாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்று ஐந்து. மச்சாள் இடுப்பில் கைவைத்து வாசலில் நின்றார்.

"வாங்கோ வாங்கோ. கிடாரம் இண்டைக்கு, சோறு நாளைக்கோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காரணம் சொல்ல வாயெடுத்தேன். நேசன் கதிரைகளை இறக்கியபடி, "பெட்டி ரயர் வெடிப்பு விட்டுக் கிடந்தது அண்ணி. இவதான் கண்டவ" என்றார். மச்சாள் மீராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த அகப்பையை என்னிடம் தந்தார். சாப்பாடு ஒரு மணித்தியாலம் பிந்தியது. ஒருவரும் பசியால் சாகவில்லை.

இப்போது பெட்டி மறுபடியும் ஒரேத்தோ முற்றத்தில் வெயிலில் நிற்கிறது. வேலைக்குப் போகும்போது குனிந்து பார்க்கிறேன். வரும்போதும் பார்க்கிறேன். இரண்டு தேசிக்காய் மிஞ்சாமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. கேள்வி கேட்பவள் என்று என்னை நானே நம்பியிருந்தேன். கேட்க வேண்டியதை வேறொருவர் கேட்டபோது தலையாட்டினேன்.

ஆகவே, பாரம் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். வருடத்தில் நாலு தடவை மட்டும் ஓடும் பெட்டியின் ரயரை, பூ தேயாவிட்டாலும், எத்தனை வருடத்தில் கழற்றி எறிகிறீர்கள்? துணியால் மூடி வைப்பது போதுமா, கல் வைத்துச் சில்லைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டுமா? வானின் கோடைகால ரயரைக் குளிர்காலத்தில் கழற்றி அடுக்கி வைப்பதா, நிறுத்தி வைப்பதா? தோத்தோவிடம் கேட்கலாம், ஆனால் அவரிடம் நான் ஏற்கெனவே ஒரு முறை தவறாகத் தலையாட்டிவிட்டேன். செப்ரெம்பரில் இன்னொரு விசேஷம் வருகிறது. பின் இருக்கையில் மீரா இருப்பாள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.