நாற்பது பக்கத்தில் அக்கா பெயர்

2002-ஆம் வருஷம் நடந்தது. மதுரையில் மகால் பக்கம் எங்கள் வீடு. மேல மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு டிடிபி சென்டரில் நான் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கல்லூரி ப்ராஜெக்ட், கோயில் நோட்டீஸ் என்று எது வந்தாலும் அடிப்பேன். என்னைப் போல வேகமாக அடிக்க ஆள் இல்லை என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் சொந்தங்கள் எல்லாம் கூடி ஒரு குடும்ப சங்கமம் நடத்த முடிவு செய்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா வழியில் வந்த அத்தனை பேரைப் பற்றியும் ஒரு புத்தகம் போடுவதாகப் பேச்சு. அந்தப் பொறுப்பு அப்பா தலையில் விழுந்தது. அப்பா பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவேட்டில் ஒரு பெயர் விடுபட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணமான எல்லோருக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், தனிப் பகுதி வேண்டும், பக்கத்தின் மேலே அவரவர் பெயர் வர வேண்டும் என்று அவர்தான் ஏற்பாடு செய்தார். அவர் நோட்டில் எழுதித் தர, நான் அடிக்க வேண்டியது.

நோட்டில் எங்கள் வீட்டுப் பகுதி வந்தது. 'மக்கள்: இரண்டு' என்று எழுதியிருந்தார். நானும் தம்பியும். உண்மையில் நாங்கள் மூன்று பேர்.

அக்கா ஆறு வருஷம் முன்னால் வீட்டை விட்டுப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பேரையூர்ப் பக்கம், கூலி வேலை செய்த குடும்பம், அவர் படித்து அரசு வேலைக்கு வந்தவர். எங்கள் ஆட்கள் சௌராஷ்டிரா பேசுகிறவர்கள். அவர்களுக்கு இது பெரிய இடி. அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. சுவரிலிருந்து அவள் போட்டோவைக் கழற்றினார். அதோடு அவள் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்குத் தலை பின்னிவிடும்போது வலிக்க வலிக்க இழுத்துப் பின்னுவாள், கத்தினால் ஒரு குட்டு வைப்பாள். அந்தக் குட்டுக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பஸ்ஸில் யாராவது அவளைப் போலப் பின்னலை முன்னால் போட்டு உட்கார்ந்திருந்தால் எட்டிப் போய் முகத்தைப் பார்ப்பேன்.

இப்போது ஒரு பட்டன் கதைக்கு வருகிறேன். ஒரே ஃபைலில் பக்கத்துக்குப் பக்கம் மேலே வேறு வேறு பெயர் வர வேண்டுமென்றால், முதலில் ஒவ்வொரு குடும்பத்தையும் தனி செக்‌ஷனாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு செக்‌ஷனின் மேல்விளிம்பான ஹெட்டரிலும் போய் 'சேம் ஆஸ் ப்ரீவியஸ்' என்ற பட்டனை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் முன்னால் இருக்கிற பெயரே பின்னால் வருகிற பக்கம் எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும்.

வரிசையாக அணைத்துக்கொண்டே வந்து அப்பா பெயரை அடித்து முடித்தேன். அடுத்தது சித்தப்பா. அதற்குப் போகாமல், என்ன நினைத்தேனோ, நடுவில் புதிதாக ஒரு செக்‌ஷன் போட்டேன். பட்டனை அணைத்து, மேலே அக்கா பெயரை அடித்தேன். கீழே கணவர் பெயர். முகவரி, மக்கள் இரண்டும் தெரியாததால் காலியாக விட்டேன். சும்மா பார்ப்பதற்குத்தான். பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் சென்டர் நடத்தும் அண்ணன் கூப்பிட்டு, கல்யாண அட்டை சாம்பிள்கள் வாங்கி வரச் சொன்னார். ஃபைலை சேவ் செய்துவிட்டுப் போனேன். கடையில் கூட்டம். திரும்பி வந்ததும் அண்ணன் சொன்னார்:

"உங்க அப்பா புரூஃப் கேட்டு வந்தாரும்மா. பெரிய மனுஷனை எம்புட்டு நேரம் உக்கார வைக்கிறது? நானே பிரிண்ட் எடுத்துக் குடுத்துட்டேன்."

ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். அக்கா பக்கம் அப்படியே இருந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு அப்புறம் வந்த எந்தப் பகுதியிலும் நான் பட்டனை அணைத்திருக்கவில்லை. சித்தப்பா பக்கத்தின் மேலே அக்கா பெயர். சித்தப்பா மகன்கள் பக்கத்தில் அக்கா பெயர். அத்தைகள் பக்கத்தில் அக்கா பெயர். எண்ணிப் பார்த்தேன், நாற்பது பக்கம்.

சாயங்காலம் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். அப்பா ஜன்னல் பக்கம் ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தை எடுப்பார், ஸ்கேல் வைத்து அக்கா பெயரை அடிப்பார், மேலே சரியான பெயரை நிதானமாக எழுதுவார், அடுத்த பக்கத்தை எடுப்பார். ஆறு வருஷமாக வாயால் சொல்லாத பெயரை அவர் நாற்பது தடவை படிக்க வேண்டியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

மறுநாள் காலை புரூஃப் கட்டு என் டிபன் பையின் மேல் இருந்தது. சென்டருக்குப் போய்த்தான் பிரிக்கத் தைரியம் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்தில் 'மக்கள்: இரண்டு' என்பதில் இரண்டை அடித்து மூன்று என்று எழுதியிருந்தார். அடுத்தது அக்கா பக்கம். மேலே அவள் பெயரில் சிவப்பு மை படவில்லை. கணவர் பெயரில் நான் இனிஷியலைத் தப்பாக அடித்திருந்தேன், அதைத் திருத்தியிருந்தார். நான் காலியாக விட்ட முகவரியில் அவர் கையெழுத்து: 'விளாங்குடி. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, மூன்றாவது வீடு, பச்சைக் கேட்.' அதன் கீழே: 'பெண் குழந்தை ஒன்று. பெயர் விசாரித்துச் சேர்க்கவும்.'

விளாங்குடி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவள் அங்கே இருக்கும்போதுதான் நான் ஊரெல்லாம் பின்னலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அண்ணன் எனக்கு டீ சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். நாங்கள் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்ப்பா?"

"சமயநல்லூருக்கு சிநேகிதனைப் பார்க்கப் போவேன்ல. பஸ் அந்த வழியாத்தான் போகுது."

"எறங்கிப் பாத்தீங்களா?"

"எறங்கினதில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பச்சைக் கேட்டைத் தட்டினேன். அக்கா கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று ஒரு குட்டும் வைத்தாள். புரூஃப் பக்கத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். சிவப்பு எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். புத்தகம் வந்தாலும் தனக்கு வேண்டாம், இந்தத் தாள் போதும் என்று வாங்கி வைத்துக்கொண்டாள். குழந்தை பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

புத்தகம் அக்கா பக்கத்தோடு வந்தது. சங்கமத்தில் யாரோ முகத்தைச் சுளித்துக் கேட்டதற்கு, "பதிவேட்டுல ஆள் விடுபடக் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. சமயநல்லூருக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மறு வருஷம் அப்பா இறந்துபோனார். அக்கா தன் மகளோடு எங்கள் வீட்டு வாசல்படி ஏறியது அன்றைக்குத்தான். அவர் சட்டைப் பையில் அந்தத் துண்டுத் தாள் அப்படியே இருந்தது.

இப்போதும் விளாங்குடியில் பஸ் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றும். முகவரியை எழுதித் தந்த மனுஷனுக்குத் துணைக்கு ஆள்தான் வேண்டியிருந்தது. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய், "வாங்கப்பா, எறங்கலாம்" என்று நான் சொல்லியிருக்கலாம்.