நைரோபியில் அணைத்து வைத்த போன்

ஸ்வர்ணலதாவைப் பட்டு நெசவுக்காரி என்றுதான் ஆரணியில் எல்லோருக்கும் தெரியும். அவள் பார்த்த இன்னொரு வேலை, புருஷனைக் காவல் காப்பது. தனசேகரன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அவள் கடைத்தெருவுக்குப் போனாலும் சரி, வந்தவாசிக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, மணிக்கொரு தரம் போன் போடுவாள். "போனைத் தறிகிட்ட வைங்க" என்பாள். குடித்த கை நெய்தால் தறி அடிக்கும் சத்தம் தடுமாறும். அது சீராகக் கேட்டால்தான் இவளுக்கு மூச்சே வரும்.

அப்படிப்பட்டவளை ஆப்பிரிக்காவுக்கு, நைரோபியில் நடந்த கைத்தறிப் பெண்களின் உலக மாநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். முடியவே முடியாது என்றாள். தனசேகரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"போய்ட்டு வா லதா. ஆனா அங்கேந்து எனக்கு போன் போடாத. யாரையும் விட்டு வேவும் பாக்காத. நானா நிக்கிறனா, நீ புடிச்சி நிறுத்திகினு இருக்கியான்னு எனக்கே தெரியல."

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினான் மனுஷன்.

நைரோபியில் என்னென்னவோ பேசினார்கள். கூட வந்த நெசவாளர் சங்கத்துக் கலையரசி காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்கே ஏறியது! இவள் கை பைக்குள் அணைத்து வைத்த போனையே தடவிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் இவள் பேசவேண்டிய முறை. அதற்கு முன்னால் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கற்பகத்துக்குப் போன் போட்டே விட்டாள்.

"கற்பகம், எங்க வூட்ல தறி சத்தம் கேக்குதா?"

"காலைலேந்து கேக்கலியேக்கா. கதவு சாத்திக் கெடக்குது. போய்ப் பாக்கட்டா?"

"வேணாம், வேணாம்." வைத்துவிட்டாள்.

குடித்துவிட்டான் என்றே முடிவு கட்டினாள். பாவி மனுஷன்! மேடையில் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. கைதட்டினார்கள். "சூப்பர்க்கா" என்றாள் கலையரசி. அதைக் கேட்க யாருக்கு மனசிருந்தது? திரும்பும் விமானத்தில் சாப்பாடு இறங்கவில்லை. எப்படிக் கேட்பது, அவன் என்ன பொய் சொல்வான், அதில் எங்கே மடக்குவது என்று ஆரணி வரைக்கும் அதே யோசனைதான்.

பஸ் ஸ்டாண்டில் தனசேகரன் நின்றிருந்தான். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். வாசனை பிடிக்கவே இவள் கிட்டே போனாள். அவன் பெட்டியைக்கூட வாங்கவில்லை.

"வியாழக்கிழமை குடிச்சேன் லதா. காலைலேயே. அப்புறம் தொடல. நீ கேக்கறதுக்கு முன்னால சொல்லிடணும்னுதான் ஜல்தியா வந்து நின்னேன்."

கையும் களவுமாக எத்தனையோ தடவை பிடித்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவள் தலைமேலேயே கைவைத்து, இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தவன். தன் வாயால் ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. பத்துப் பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள். ஆத்திரமும் இருந்தது, இல்லாமலா?

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் அன்னிக்குத்தான் தவறிட்டேங்க," என்றாள். "கற்பகத்துக்கு போன் போட்டேன்."