துருப்பிடித்தது என்று நான் கொடுத்த ஸ்பிரிங்

காட்டுப்பாக்கம் அடுக்குமாடி வீட்டில் பழைய கேமராக்களைப் பழுதுபார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். கேமராவையும் கைகளையும் ஒரு பாலித்தீன் கவருக்குள் விட்டுத்தான் திறக்க வேண்டும். ஏதாவது தெறித்தால் உள்ளேயே விழும். அன்று ஒரே புழுக்கம். நமக்கெதற்குக் கவர் என்று திறந்தேன். 'டிங்' என்றது. ஷட்டர் ஸ்பிரிங் போயே போச்சு.

கேமரா, பூந்தமல்லியில் தையல்கடை வைத்திருக்கும் பாயுடையது. காலஞ்சென்ற அவருடைய அப்பா, அவர் வாயில் 'அத்தா', வைத்திருந்தது. மூன்று நாள் தரையில் தவழ்ந்து தேடினேன். "இவரு தவழ ஆரம்பிச்சிட்டாரு, அடுத்து பல்லு மொளைக்கும்" என்று எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள் மனைவி.

கடைசியில் நானே ஸ்பிரிங் செய்தேன். கிட்டாரின் மெல்லிய கம்பியைத் தையல் ஊசியில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். கையை எடுத்ததும் சுருள் விரியும் என்பதால் ஊசி வேண்டிய ஸ்பிரிங்கைவிட மெலிதாக இருக்க வேண்டும். இது என் மண்டையில் ஏறுவதற்குள் ஒன்பது வீண். பத்தாவது வேலை செய்தது.

"பழசு துருப்பிடிச்சு உடைஞ்சிருந்துது பாய், புதுசு போட்டுட்டேன்" என்றேன்.

ஷட்டரை நாலு தரம் அழுத்திக் கேட்டார். "அதே சத்தம் தம்பி. அந்த உடைஞ்சத எனக்கு குட்த்துடு. அத்தா அழுத்தி அழுத்தித் தேஞ்சது, வச்சிக்கிறேன்."

வீணான ஒன்பதில் ஒன்றை உடைத்து உப்புத் தண்ணீரில் போட்டேன். ஒரு வாரத்தில் அருமையான துரு. என் வாழ்நாளில் குறையே இல்லாமல் செய்த ஒரே வேலை. அதை அவர் ஒரு பொத்தான் டப்பாவில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு நான் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. புது பேன்ட்டை நீளம் குறைக்காமல் மடித்துவிட்டே ஆபீஸ் போனேன்.

இரண்டு மாதம் கழித்து, மேஜையில் கிடந்த பழைய ஸ்பீக்கரின் காந்தத்தில் நிஜ ஸ்பிரிங் ஒட்டியிருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

கருவிப்பையோடு பாய் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டப்பாவைத் திறந்து பார்த்தார். "அப்போ தெனம் கடை தொறந்ததும் நான் தொட்டுப் பாத்தது இன்னா?"

"கிட்டார் கம்பி பாய்."

வழியெல்லாம் ஒரு ஜோக் தயார்செய்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுக் கருவிப்பையை மறு தோளுக்கு மாற்றினேன்.

"இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள கீறத கழட்டிட்டு அத்தாவோடத மாட்டு."

"இப்பவா பாய்?"

"இப்பத்தான். நான் பாத்துகினு கீறேன்."

தைத்த சட்டை போட்டுக் கொடுக்கும் கவர் ஒன்றை உருவி, கேமராவை ஏந்திய என் கைகளுக்கு மேல் போட்டார். உள்ளே விரல்கள் வியர்த்து வழுக்கின. கவரின் வாயை என் மணிக்கட்டோடு சேர்த்து அவரே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.