முனுசாமியின் கைக்கு ஒரு பிடி

கத்தி செய்வது நல்லமுத்துவுக்குப் பிழைப்பு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் போய்ச் சேர்ந்த பிறகு ஆளாளுக்கு ஒரு கதை கட்டி, சௌராஸ்தா பசார் என்கிற சந்தைப் பக்கம் அவனைக் கொல்லன் ஆக்கிவிட்டார்கள். அவன் என்னோடு ட்ராம் கொட்டகையில் வேலை பார்த்தவன். வண்டிகளுக்குப் பிரேக் கட்டை மாற்றுவது எங்கள் வேலை. வேலை விட்டால் மற்றவன் கள்ளுக்கடைக்குப் போவான். இவன் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, தேய்ந்துபோன அரத்தை அடுப்பில் போட்டுக் காய்ச்சி அடிப்பான். அதுதான் அவனுக்குக் கள்ளு.

டத்தோ கெராமட் ரோட்டுக்கு உள்ளே ஒரு பலகை வீட்டில் நான், நல்லமுத்து, அவன் மச்சான் முனுசாமி மூன்று பேரும் குடியிருந்தோம். அவர்கள் இரண்டு பேரும் பத்து காவான் என்கிற கரும்புத் தோட்டத்துக் கூலி லயத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள். முனுசாமியின் தங்கை ருக்குமணியைத்தான் நல்லமுத்து கட்டினான். விஷக்காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன வருஷம் அவளும் போய்விட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. தங்கச்சியே போன பிறகு உங்களுக்குள் என்ன உறவு என்று கேட்டவர்களுக்கு இருவரும் பதில் சொன்னதே இல்லை. ஒரே சட்டியில் தின்பார்கள், விடிந்தால் ஒருவனை ஒருவன் கிண்டல் பண்ணுவார்கள்.

நல்லமுத்து அடிக்கும் அலகு சுமார்தான், பொய் சொல்வானேன். பிடிதான் விசேஷம். உங்களுக்குக் கத்தி வேண்டுமென்றால் பிசைந்த களிமண்ணை ஒரு குச்சியில் அப்பி நீட்டுவான். "வெட்டுற மாதிரி பிடி" என்பான். விரல் அழுந்திய இடம், உள்ளங்கை புடைத்த இடம் எல்லாம் மண்ணில் பதிந்துவிடும். அதைக் காயவைத்து முன்னால் வைத்துக்கொண்டு கொய்யாக் கட்டையைச் செதுக்குவான். அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் இறக்கும்போது குப்பென்று புகை வரும். கண்ணில் நீர் வடியும், ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். அரக்கு உருக்கி ஊற்றி, ஆறியதும் கீழே வைப்பான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எங்களில் யாரும் அப்படிக் கொடுக்க மாட்டோம். குனிந்து எடுத்தால் அது நம் கையிலேயே வளர்ந்தது போல இருக்கும். அடுத்தவன் கைக்கு அது உட்காராது. எனக்கு அவன் செய்த கத்தியில்தான் இன்றைக்கும் மீன் ஆய்கிறேன்.

முனுசாமி பசார் வாசலில் இளநீர் விற்றான். இளநீர் சீவுகிற பாராங்கத்தியை மச்சான்தான் செய்து கொடுத்தான். ஒரு நாள் சாயங்காலம் முனுசாமி வந்து அதைப் பொத்தென்று கீழே போட்டான்.

"என்னா மச்சான் கட்டை போட்டே? வழுக்கிக்கிட்டுப் போவுது."

"கட்டை நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் வயசாயிருச்சு."

"உனக்கு மட்டும் என்னா பதினாறா?"

நல்லமுத்து சிரித்துக்கொண்டே களிமண்ணை நீட்டினான். முனுசாமி பிடித்துக் கொடுத்தான்.

"என்னாலா இது, சுண்டுவிரலுக்கு லீவு விட்டுட்டியா? நல்லா அழுத்திப் பிடி."

"அழுத்தித்தானே பிடிச்சேன்."

மறுபடி பிடித்தான். அப்போதும் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும்தான் மண்ணில் பதிந்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் பட்டும் படாமல் இருந்தன. நல்லமுத்து சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தான். சுண்டுவிரலுக்குக் கீழே தோல் வெந்து கொப்புளம் உடைந்து கிடந்தது.

"இது எப்ப சுட்டுச்சு?"

"எது?" என்றான் முனுசாமி.

 காலையில் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கியவன் அவன்தான். சதை வெந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை. பெருநோய் இப்படித்தான் வரும் என்று தோட்டங்களில் பிறந்த எங்கள் மூவருக்கும் தெரியும். 

சர்க்காருக்குத் தெரிந்தால், பெருநோய்க்காரர்களை அடைத்துவைக்கிற ஜெரஜாக் தீவுக்குக் கொண்டு போய்விடுவார்கள். கரையில் நின்றால் அந்தத் தீவின் மரங்கள்கூடத் தெரியும். போனவன் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. "என்னை அங்க அனுப்பிராதே மச்சான்" என்று முனுசாமி ஒரே ஒரு தடவை சொன்னான். நல்லமுத்து என்னை முறைத்தான். "ராமசாமி, நீ மட்டும் வெளியே வாயத் தொறந்தே..." "போடா, யாரை மிரட்டுறே" என்றேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த வீட்டை விட்டு நான் போகவில்லை.

அதன் பிறகு நல்லமுத்து செய்த பிடி இருக்கிறதே, அப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. மூன்று விரல் போதும். கட்டைவிரலுக்கு மேல் ஒரு கொக்கி, மணிக்கட்டில் போய் முட்டிக்கொள்ள ஒரு வளைவு, மடங்கிப்போன இரண்டு விரலும் உள்ளே ஒதுங்கிக்கொள்ள ஒரு குழி. கொக்கியில் மாட்டிக்கொண்டு முனுசாமி வீசினால் இளநீர் மூடி பழையபடி பறந்தது. விரல் இன்னும் மடங்க மடங்க, நல்லமுத்து பழைய பிடியைக் கழற்றிவிட்டுப் புதுப்பிடி போடுவான். வேறு யார் கேட்டாலும் நேரமில்லை என்று விரட்டினான். ஒரு வருஷத்துக்கு மேல் ஊர் கண்ணில் மண்ணைத் தூவினார்கள். நானும் மனதுக்குள், சபாஷ் நல்லமுத்து, என்று மெச்சிக்கொண்டேன். கையை மறைத்தோம் என்றுதான் மூவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் நல்லமுத்து அந்தக் கையை அப்படியே கட்டையில் செதுக்கி, பசார் வாசலில் எல்லாரும் பார்க்க வைத்திருந்தான்.

பக்கத்தில் சர்பத் விற்றவர் கமாலுதீன். ஒரு நாள் காலையில் முனுசாமி காய் எடுக்கப் போயிருந்த நேரம், அவசரமாக ஒரு அம்மா இளநீர் கேட்டிருக்கிறாள். கமாலுதீன் உதவி செய்வோமே என்று காய்க் குவியல்மேல் கிடந்த பாராங்கத்தியை எடுத்து ஓங்கினார். அவர் கைக்குக் கொக்கி இடித்தது, கத்தி திரும்பி அவர் விரலையே கீறிவிட்டது.

"அல்லாவே! என்னா பிடி இது? மனுசன் கைக்கா செஞ்சான் இதை?"

கூட்டம் கூடிவிட்டது. ஒருவன் வாங்கிப் பிடித்துப் பார்த்தான், இன்னொருவன் பிடித்துப் பார்த்தான். யாருக்கும் உட்காரவில்லை. அந்த நேரம் பார்த்து முனுசாமி காய்க்குலையோடு வந்து நின்றான். எல்லார் கண்ணும் அவன் கைக்குப் போனது. கமாலுதீன் முகம் செத்துப்போயிற்று. "முனுசாமி, கையைக் காட்டு தம்பி" என்றார். அவன் காட்டவில்லை, குலையையும் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றானாம்.

கமாலுதீன் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். கூட்டத்தில் யார் போய்ச் சொன்னார்களோ, சுகாதார ஆள் இரண்டு போலீஸோடு வந்துவிட்டான்.

படகுத்துறையில் முனுசாமி மட்டும்தான் பேசினான். "அங்க நல்ல கொய்யா மரம் இருந்தா சொல்லி அனுப்புறேன் மச்சான்."  நல்லமுத்து பைத்தியக்காரன் போல, படகு மறைந்த பிறகும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

அப்புறம் அவன் களிமண்ணைத் தொடவில்லை. "என் கத்திதான்டா காட்டிக் கொடுத்துச்சு" என்று என்னிடம் சொன்னான்.  தீவில் கூட்டிப் பெருக்கவாவது போகிறேன் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். நோய் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை என்று விரட்டிவிட்டார்கள்.

ஒரு நாள் காலையில் என் முன்னால் கையை நீட்டினான். சுண்டுவிரலும் மோதிர விரலும் வெந்து கிடந்தன.

"எனக்கும் வந்துருச்சு ராமசாமி. சுட்டது தெரியவே இல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. நம்பிவிட்டேன். அழுதுகொண்டேதான் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸர் நம் தமிழ் ஆள். நல்லமுத்துவின் கண்ணைத் துணியால் கட்டினார். "ஊசியால தொடுவேன். தெரிஞ்சா ஆமான்னு சொல்லு. தெரியலைன்னா இல்லைன்னு சொல்லு" என்றார். சுண்டுவிரலில் குத்தினார்.

"இல்ல" என்றான் நல்லமுத்து.

மோதிர விரலில் குத்தினார். ரத்தம் துளிர்த்தது, முகம் அசையவில்லை.

"இல்ல."

டிரஸர் ஊசியை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். நல்லமுத்துவும் சும்மா இருந்தான். மறுபடி தொட்டார். உடனே, "இல்ல." எனக்கே அப்போதுதான் விளங்கியது.

டிரஸர் கண்கட்டை அவிழ்த்தார். "தெரியாத விரல்ல நான் தொட்டது மட்டும் எப்படிப்பா தெரியுது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அங்க உனக்கு யாரு இருக்கா?"

"என் மச்சான்."

 அவர் விரலுக்கு மருந்து போட்டுக் கட்டிவிட்டு, "உனக்கு ஒரு நோயும் இல்ல. நல்லா இருக்கே. போ" என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "அறிவு கெட்டவனே, நீயே சுட்டுக்கிட்டியா? உனக்குப் புத்தி பிசகிப்போச்சா?" என்று நடுரோட்டில் கத்தினேன். நல்லமுத்து சாக்கடை ஓரத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டான். 

"வலிக்குதுடா" என்றான். "எனக்கு எல்லா விரலும் வலிக்குதுடா ராமசாமி."

சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதான். ருக்குமணி செத்தபோதுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.