தேன் வைத்துக் கட்டிய கை

அம்மாவின் வலது கையில் கெளுத்தி மீனின் முள் ஏறியது ஒரு மழைக்கால முடிவில். எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். எங்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்போம். பிடித்ததைப் போட ஓலையில் பின்னிய பறி. அதன் கயிறு எப்போதும் பல்லில்.

முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அம்மா மறுநாளும் இறங்கினாள். உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும், எரிச்சல் எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மாவுக்கு நன்றாக எரிந்தது. அதனால் தண்ணீரை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. பொன்னேரி பஸ்ஸில் அவளை ஏற்றியபோது கை மணிக்கட்டைத் தாண்டி வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நாற்றம் தாங்காமல் எழுந்து போனார்கள். நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். சீழ் நிற்கவில்லை. அதை எடுத்துப் பட்டணத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகு டாக்டர், "எந்த மருந்துக்கும் இது கேக்கலம்மா. மேல ஏறிச்சின்னா கைய எடுக்கணும்" என்றார். அம்மா உடனே கேட்டாள்.

"கைய எடுத்துட்டா இன்னாத்தால இறா புடிக்கறது சாமி? காலாலயா?"

அவர் சிரிக்கவில்லை. புண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நல்ல தேன் கிடைக்குமா, வைத்துக் கட்டிப் பார்க்கலாம் என்றார். வெல்லப்பாகு கலந்த கடைத்தேன் கூடாதாம். எளாவூர்ப் பக்கம் தேன் எடுப்பவர்களிடம் அப்பா, எங்களுக்கு நைனா, வாங்கி வந்தார். தினமும் புண்ணைக் கழுவி, தேனில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார்கள். கட்டிலில் எறும்பு ஏறியது. கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர் டப்பா வைத்தேன்.

"இன்னாக்கா, கைக்கு மட்டும் விருந்தா? எங்க வாயி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"உன் வாயில கெளுத்தி குத்தட்டும். அப்புறம் வெச்சிக் கட்டச் சொல்றேன்" என்றாள் அம்மா.

முதலில் நாற்றம் போனது. பிறகு சீழ் குறைந்து, அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது. கையை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் நைனா வராந்தாவுக்குப் போய் அழுதார்.

ஆனால் தேன் வைப்பதற்கு முன்பே உள்ளே நரம்பு கெட்டுவிட்டது. மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. நெருப்புப் பட்டாலும் அவற்றுக்குத் தெரியாது.

புண் மூடிய பிறகு நானும் அம்மாவும் ஏரியில் இறங்கினோம். நான் பிடித்துக்கொண்டே போனேன். அம்மா துழாவிக்கொண்டே வந்தாள். இடது கையில் சிக்கிய இரண்டொரு இறால்தான் அவள் பறியில் கிடந்தது. ஒரு இடத்தில் நின்று, வலது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"இதுல எதுனா கீதான்னு பாரு" என்றாள். கயிறு பல்லில் இருந்ததால் குழறலாக வந்தது.

மடங்கிய விரல்களுக்குள் சேறு இருந்தது.

"இல்லம்மா" என்றேன்.

அவள் கையை அலசிவிட்டு மறுபடியும் குனிந்தாள்.