அண்ணன் நீட்டிய செம்பு

ஓட்டத்தின் முதல் சுற்று முடிய இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. அங்கேதான் அந்தப் பந்தலைப் பார்த்தேன். வயலோரம் நாலு மூங்கில் கால், மேலே தென்னை ஓலை, பெஞ்சில் ஒரு பானை. பானைக்குப் பக்கத்தில் கையில் பித்தளைச் செம்போடு என் அண்ணன் நின்றான். ஒன்பது வருடமாக என்னோடு பேசாத அண்ணன்.



அது வெறும் ஓட்டப் பந்தயமல்ல. காலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குள் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைய நீந்தியாயிற்று. பிறகு சைக்கிளில் நூற்றெண்பது கிலோமீட்டர், அதில் பாதி ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து. அந்தக் காற்றில் மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கும் பிறகுதான் இந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம், மூன்று சுற்றாக. எல்லாம் ஒரே நாளில், இடைவேளை இல்லாமல். வெளியூர்களில் இதை மூன்று முறை முதலாவதாக முடித்தவள் நான். தாலுகா அலுவலகத்தில் கோப்பு கட்டுகிறவளுக்கு இது வேண்டாத வேலை என்று சொல்லாதவர் பாக்கியில்லை.

இந்தப் பந்தயம் எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. முதலாவதாக வரும் பெண்ணுக்கு உலகப் போட்டியில் இடம். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இது போனால் அடுத்தது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ளும் வயது தாண்டியிருந்தது.

அண்ணனுக்குக் கோட்டாற்றில் வாழைக்குலைக் கடை. நான் முதன்முதலாக அரைக்கால் சட்டையோடு பைபாஸில் ஓடிய மறுநாள், கடைக்கு வந்த ஒருவர், "ஒமக்க தங்கச்சிய ஆரு வே தொரத்துகா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன்.

"குடும்ப மானத்த ரோட்டுல போட்டு மிதிச்சிட்டு ஓடுகா, பாரு" என்றான், என்னிடம் அல்ல, அவன் மனைவியான என் மைனியிடம்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், பிறவிக் குணம். "இனி ஒனக்க வீட்டுப் பச்சத்தண்ணி எனக்க தொண்டையில எறங்காது" என்று சொல்லி, தம்ளர்த் தண்ணீரை அவன் கண்ணெதிரே முற்றத்தில் கொட்டிவிட்டு வந்தேன். அவனும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. இரண்டு பேருமே பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். மைனி மட்டும் என் வீட்டுக்காரரிடம் ரகசியமாக மட்டி வாழைப்பழம் கொடுத்தனுப்புவாள். எத்தனையோ பந்தயங்களில் சைக்கிளில் உட்கார்ந்தபடி தின்றது அந்தப் பழம்தான். தண்ணீர் வேண்டாம் என்றுதானே சொன்னேன், பழம் வேண்டாம் என்றா சொன்னேன்?

வழியில் போகிறவர் தொண்டை காயக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மாசியில் நாங்கள் கும்பிடும் அய்யாவின் ஊர்வலம் போகும் சாலை நெடுக பானகமும் மோரும் தர்மமாகக் கொடுப்போம். நீட்டியதை வாங்காமல் போனால் கொடுத்தவர் முகத்தில் அடித்த மாதிரி. பந்தயத்தின் விதியோ நேர் எதிர். அமைப்பாளர்கள் வைத்திருக்கிற மேசைகளில் மட்டும்தான் குடிக்கலாம். வெளியாள் கையிலிருந்து ஒரு மிடறு வாங்கினாலும் பந்தயத்தை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். இதை அண்ணனுக்கு யார் சொல்வது? பேச்சுவார்த்தை இருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

என்னைக் கண்டதும் செம்பை நீட்டிக்கொண்டு சாலையில் இறங்கினான். "மக்கா, வீட்டுக் கிணத்துத் தண்ணியாக்கும்" என்றான்.

மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன் கேட்ட மன்னிப்பு அது. எனக்கு அது அந்தக் கணமே புரிந்தது. 'பந்தய விதி' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மூச்சு வாங்கியதால் சொல்லவில்லை என்பது பாதி உண்மை. பழைய கோபமும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மறைப்பானேன்? முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். பத்தடி போன பிறகு திரும்பிப் பார்த்தேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

இரண்டாவது சுற்றில் என் உடம்பு மக்கர் செய்ய ஆரம்பித்தது. குடித்ததெல்லாம் தொண்டைக்குத் திரும்பியது. தொடை இழுத்தது. பெண்களில் எனக்கு அடுத்ததாக வருகிற சென்னைப் பெண் மூன்று நிமிடத் தூரத்தில் இருக்கிறாள் என்றார்கள். அமைப்பாளர்களின் மேசையில் தண்ணீர் கொடுத்த பெண் இன்னொன்றும் சொன்னாள்: பந்தலில் வாங்கிக் குடித்த இரண்டு ஆண்களை வெளியே அனுப்பிவிட்டார்களாம். தர்மம் தலைகாக்கும் என்பார்கள். அன்று இரண்டு தலைகளை வாங்கிவிட்டது.

பந்தலைக் கடக்கும்போது அண்ணன் பானைக்குப் பின்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "அண்ணே" என்று கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. அவன் நிமிரவும் இல்லை.

மூன்றாவது சுற்று முழுக்க அந்தக் குனிந்த தலைதான் கண்ணுக்குள் நின்றது. ஒன்பது வருடம் கழித்து ஒரு மனுஷன் இறங்கி வந்திருக்கிறான். நானும் மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினால் இனி அவன் இந்த ஜென்மத்தில் வரமாட்டான். அவனை எனக்குத் தெரியும், என்னைத் தெரிவதைப் போல. பட்டம் மூன்று இருக்கிறது, அண்ணன் ஒருத்தன்தான். முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் முடிவு செய்தேன். வாங்கிக் குடிப்பது என்று.

முடிவு செய்ததும் பயம் வந்தது. விடியுமுன் எழுந்து குளத்தில் நீந்திய நாட்கள், காற்றோடு மல்லுக்கட்டிய ஞாயிற்றுக்கிழமைகள், எல்லாம் ஒரு செம்புத் தண்ணீரில் போகப் போகிறது. சென்னைப் பெண்ணின் காலடி பின்னால் கேட்கத் தொடங்கியது.

பந்தல் வந்தது. பக்கத்தில் நடுவர் ஒருவர் பைக்கோடு நின்றார். அண்ணன் சாலையோரம் செம்போடு நின்றான். நான் அவன் முன்னால் போய் நின்றேன். கையை நீட்டினேன்.

அண்ணன் என் கையைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போனான். செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தான். தண்ணீர் மொத்தமும் மண்ணில் கொட்டியது.

"ஏட்டி, கைய நீட்டாதே! இந்த சார் இப்பம்தான் சொன்னாரு, குடிச்சா ஒன்ன வெளிய தள்ளிருவானுவ. ஓடு மக்கா, ஓடு!"

அதற்குள் அந்தப் பெண் என்னைக் கடந்து போயிருந்தாள். கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே ஓடியதாக வீட்டுக்காரர் சொல்கிறார். கடைசி வளைவில் அவளைப் பிடித்தேன். பத்தடி முந்தி எல்லைக்கோட்டில் விழுந்தேன்.

தரையில் கிடந்தபோது தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பழகிய குரல் கேட்டது. "சார், இப்பம் குடுக்கலாமா?" தன் வீட்டில் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டறியாதவன், பிள்ளை வயது நடுவரிடம் கேட்டுக்கொண்டிருந்தான். செம்பில் மறுபடி தண்ணீர் நிறைந்திருந்தது. நடுவர் தலையசைத்தார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். பாதி வாய்க்குள்ளும் பாதி கழுத்திலுமாகக் குடித்து முடித்தேன். "இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

இன்றைக்கும் அவன் கடையில் அந்தக் கதை ஓடும். "களைப்புல புத்தி பெரண்டு போய்க் கைய நீட்டிட்டா. நான் மட்டும் தண்ணியக் கொட்டலேன்னா அவளுக்க பட்டம் அம்புட்டுதான்" என்பான். குலை வாங்க வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். நல்ல புத்தியோடுதான் கையை நீட்டினேன் என்று அவனிடம் இதுவரை சொல்லவில்லை.