அப்பா அழித்த பாதை

திருநாவலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தவர் எங்கள் அப்பா. புவியியல் படிக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும், “மல எங்க கீதுன்னு தெரிஞ்சிக்கக் காலேஜா?” என்று சிரித்த சொந்தங்கள் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். படிக்கட்டும்.

வரைபடம் என்றால் மையும் அடிக்கோலும் என்றிருந்த நாளில், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டிய முதல் சிலரில் அப்பா ஒருவர். கல்வராயன் மலையில் ஒற்றையடிப் பாதைகளைக்கூட அவர் விடவில்லை. முள் கிழிக்க, தாமே நடந்து ஒவ்வொன்றையும் படத்தில் சேர்த்தார். “மனுசன் நடந்தா அது பாதை” என்று சர்வே துறை மேலதிகாரிகளோடு சண்டை போட்டார். பதவி உயர்வு தள்ளிப்போனது.

ஓய்வுக்குப் பின் எங்கள் ஊருக்கும் வரைபடம் போட்டார். சுடுகாட்டுப் பாதை சித்தப்பாவின் கொல்லை நடுவே போகும். சித்தப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

“அண்ணா, பொணம் போற வழின்னு மேப்புல இருந்தா என் கொல்லய எவன் வாங்குவான்? அந்தக் கோட்ட எடுத்துடுங்க.”

அப்பா முடியாது என்றார். சித்தப்பா கண்கலங்கினார். அப்பாவுக்குத் தம்பி என்றால் உயிர். என் கண்ணெதிரே கோட்டை அழித்தார்.

“இன்னாப்பா இது, நீங்களா?” என்றேன்.

“வுடும்மா. ஊரே நடந்துக்கினு இருக்குது. படத்துல இல்லன்னா நின்னுடவா போவுது?”

நின்றது. வரைபடம் இணையத்தில் வெளிவந்ததும் சித்தப்பா கம்பிவேலி போட்டார். கேட்டவர்களிடம் அப்பாவின் படத்தைக் காட்டினார். அதன்பின் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் ஏரிக்கரை சுற்றியே போனார்கள். அப்பா போய்க் கெஞ்சினார். சித்தப்பா காபி கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த அவமானம்தான் அப்பாவைத் தின்றது. சர்க்கரை வியாதி என்று மற்றவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சென்ற ஐப்பசி மழையில், கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் அப்பா காலமானார். ஏரிக்கரை உடைந்து கிடந்தது. நானே சித்தப்பாவிடம் போனேன்.

“இன்னிக்கு மட்டும் வேலியத் தொறந்து வுடுங்க சித்தப்பா. போறவரு உங்க அண்ணன்.”

சித்தப்பா போனில் படத்தை விரித்து என்னிடம் நீட்டினார்.

“இதுல பாதை எங்கம்மா கீது? உங்கப்பா போட்டதுதான? அவரு தப்பாவா போடுவாரு?”

இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிச் சென்ற ஊர் இளைஞர்களுக்கும், கல்வராயன் மலையிலிருந்து லாரி பிடித்து வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சித்தப்பாவுக்கும் நன்றி. அப்பாவின் படத்தைக் கடைசிவரை நம்பியவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.